கையெழுத்து ஒத்துப்போகவில்லை

வங்கியில் நான் பார்த்த வேலையைப் பற்றி எங்கள் ஊர்ச் சங்கத்து ஆண்களுக்குப் பெரிய மதிப்பு இருந்தது. அது என்ன வேலை என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாததால் வந்த மதிப்பு. ரொறொன்ரோ நகர நடுவில் ஒரு வங்கிக் கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், எட்டுப் பெண்கள் வரிசையாக இருப்போம். பெரிய தொகைக் காசோலைகளில் இருக்கும் கையெழுத்தை, வாடிக்கையாளர் கணக்குத் திறந்தபோது வைத்த கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒத்துப்போனால் வலப்பக்கத் தட்டு, போகாவிட்டால் இடப்பக்கத் தட்டு. அவ்வளவுதான் வேலை. ஆனால் சங்கத் தலைவர் என்னை எங்கே கண்டாலும் பக்கத்தில் நிற்பவரிடம், "எங்கடை கையெழுத்து எக்ஸ்பேட்" என்று சொல்லுவார். நிபுணி என்ற அந்தப் பட்டத்தை நான் ஒரு நாளும் மறுத்ததில்லை. உச்சி குளிர்ந்து போய் நின்றிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எண்பதுகளில் அகதிகளாக வந்து பார்க்டேலில் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த எங்கள் ஊர்க்காரர், அதற்குள் ஸ்காபரோ, ரெக்ஸ்டேல் என்று சிதறியிருந்தார்கள். கொஞ்சம் வசதி வந்தவர்கள் அஜக்ஸில் வீடு வாங்கி, வாங்கிய கையோடு மற்றவர்களோடு பேசுவதைக் குறைத்திருந்தார்கள். எல்லோரையும் சேர்த்துக் கட்டி வைத்திருப்பதாகச் சங்கம் சொல்லிக்கொண்டது. வருடத்துக்கு ஒரு விளையாட்டுப் போட்டி, ஒரு விருந்து. விருந்தில் குத்துவிளக்கை யார் ஏற்றுவது என்பதற்கு இரண்டு மாதச் சண்டை. இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் நடுவே அந்தச் சங்கம் உருப்படியாகச் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அது கடிதம் கொடுப்பது.

புதிதாக வந்து அகதிக் கோரிக்கை வைத்தவர்கள், விசாரணையில் தாங்கள் எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று காட்டவேண்டும். அடையாள அட்டை, பிறப்புச் சான்று எல்லாம் தொலைந்தோ எரிந்தோ போயிருக்கும். அப்போது சட்டத்தரணிகள், "உங்கள் ஊர்ச் சங்கத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்பார்கள். இன்னார் எங்கள் ஊர், இன்னாரின் மகள், எங்களுக்குத் தெரியும் என்று நான்கு வரி. கீழே சங்கச் செயலாளரின் கையெழுத்து, ரப்பர் முத்திரை. அந்த நான்கு வரிக்காக ஆட்கள் செயலாளரின் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காத்து நின்றார்கள். அந்த மனிதர் முத்திரையைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தார். கலியாண வீட்டில் சாப்பிட இருக்கும்போதுகூட ஒரு தடவை பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுவார். எனக்கு அதைக் காணச் சிரிப்பாகவும் இருக்கும், அருவருப்பாகவும் இருக்கும்.

அவரை எதிர்த்து அந்த வருடம் செயலாளர் பதவிக்கு ஒரு பெண் நின்றார். ரெக்ஸ்டேலில் இருந்தவர், ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலை, இரண்டு பிள்ளைகள். புருசனின் அடி பொறுக்க முடியாமல் பிள்ளைகளோடு வெளியே வந்து தனியாக இருந்தார். எங்கள் ஆட்களின் கண்ணில் அடித்தவனுக்கு ஒரு குறையும் இல்லை, வெளியே வந்தவளுக்குத்தான் "ஒரு மாதிரி" என்ற பெயர். அந்த மாரியில், பனி கொட்டுகிற காலத்தில், அவருடைய தங்கை வந்து இறங்கினாள். கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. சித்திரையில் விசாரணை. அக்காக்காரி கடிதம் கேட்டுச் செயலாளரிடம் போனார்.

கடிதம் கேட்கும் விண்ணப்பத்தில் 'குடும்பத் தலைவர் கையெழுத்து' என்று ஓர் இடம் இருந்தது. தகப்பன் செத்துப் பல வருடம். ஆகவே அக்காவின் புருசன் வைக்கவேண்டும் என்றார் செயலாளர்.

"அந்த மனிசனோடை நான் இல்லையெண்டு உங்களுக்குத் தெரியும்தானே அண்ணை. நான் வைக்கிறன்."

"உமக்கு வைக்க ஏலாது பிள்ளை. குடும்பத் தலைவர் எண்டு போட்டிருக்கு. நான் என்ன செய்ய?"

அந்த விண்ணப்பத்தை அச்சடித்தவரே அவர்தான். அந்தப் பெண் வேறு வழியில்லாமல் தன் பெருமையை விழுங்கிக்கொண்டு புருசனுக்குத் தொலைபேசி எடுத்தார். அவன், "வீட்டை வா, வைக்கிறன்" என்றான். அதற்கு அடுத்த கிழமை சங்கத்துக்கு அந்தப் பெண்ணின் நியமனப் பத்திரம், அதாவது வேட்புமனு, வந்தது. செயலாளர் பதவிக்கு. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள் எல்லோரும். தங்கையின் கடிதத்துக்காகத்தான் நிற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். வென்றால் முத்திரை அவர் கைக்கு வரும், தோற்றால் தங்கை வெறுங்கையோடு விசாரணைக்குப் போவாள்.

அந்த வருடத் தேர்தல் முதல் தடவையாகத் தபாலில். அதற்கு முன் மண்டபத்தில் நடந்தபோது, வான் வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவதும், எண்ணும்போது மின்விளக்கை அணைப்பதும், கொத்துரொட்டி தீர்ந்துபோனதென்று வாக்களிக்காமல் போவதும் என்று கேவலப்பட்டுவிட்டது. அதனால் தலைவர் சங்கத்துக்குப் புது யாப்பு, அதாவது விதித்தொகுப்பு, எழுதினார். அவர் ஊரில் ஒரு கந்தோரில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். நடுத்தூக்கத்தில் எழுப்பிவிட்டால்கூடச் சுற்றுநிருபம் எழுதக்கூடியவர். அமெரிக்காவில் இருந்த அவருடைய மருமகன், தான் இருக்கும் மாநிலத்தில் தபால் வாக்குகளின் கையெழுத்தை எப்படிச் சரிபார்ப்பது என்று ஒரு சட்டம் இருக்கிறதென்று அதை ஃபாக்ஸில் அனுப்பிவிட்டான். அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு மாரி முழுவதும் மனிதர் மேசையை விட்டு எழும்பவில்லை. அதில் மாவட்ட அதிகாரி என்று வந்த இடத்திலெல்லாம் தன்னைப் போட்டுக்கொண்டார். அரைவாசிப் பேர் ஒருவரை ஒருவர் மச்சான் என்று கூப்பிடுகிற ஒரு சங்கத்துக்கு, மலையும் சமவெளியுமாய்க் கிடக்கிற ஒரு மாநிலத்தின் தேர்தல் சட்டம் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

சட்டம் சொன்னது சிக்கலானது இல்லை. வாக்குச் சீட்டை உள் உறையில் வைக்கவேண்டும். அதை வெளி உறையில் வைத்து, வெளி உறையில் கையொப்பம் இடவேண்டும். அந்தக் கையொப்பம் அங்கத்துவப் படிவத்தில் உள்ளதோடு ஒத்துப்போனால் எண்ணலாம், போகாவிட்டால் கழிக்கலாம். தலைவர் ஆயுள் முழுவதும் கந்தோரில் 'கையொப்பம்' என்று எழுதியவர், உறையில் மட்டும் 'கையெழுத்து' என்று அச்சடித்துவிட்டார். "சனத்துக்கு விளங்க வேணும்" என்று காரணம் சொன்னார். சனத்துக்கு என்ன விளங்கும், என்ன விளங்காது என்று தீர்மானிப்பதில் எங்கள் தலைவர்மாருக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

சரிபார்க்கும் அலுவலராக என்னைப் போட்டார்கள். பொதுக்கூட்டத்தில் நான் பத்து நிமிடம் பேசினேன். எழுத்தின் சாய்வைப் பார்க்கவேண்டும், பேனை அழுத்திய இடத்தைப் பார்க்கவேண்டும், எந்த இடத்தில் கை எழும்பியிருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்று விளக்கினேன். ஒருவனுடைய பெயரை இன்னொருவன் எழுதலாம், ஆனால் கையின் பழக்கத்தை மறைக்க முடியாது என்றேன். கைதட்டினார்கள். என் புருசன், அவர் நிர்வாக சபையில் ஓர் உறுப்பினர், முன்வரிசையில் இருந்து எல்லோரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு என்னைப் பார்த்திருந்தால் உங்களுக்கே எரிச்சல் வந்திருக்கும்.

அந்த ரெக்ஸ்டேல் பெண் கூட்டத்துக்கு வரவில்லை, வேலை. ஆனால் அவர் வேறொன்று செய்தார். ஒவ்வொரு நாளும் வேலை இடைவேளையில் தொழிற்சாலைத் தொலைபேசியில் இருந்து எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கோல் எடுத்தார். சங்கத்தில் ஒரு வீட்டுக்கு இரண்டு அங்கத்தவர், புருசனும் பெண்சாதியும். மண்டபத்தில் தேர்தல் நடந்த காலத்தில் பெண்கள் ஒருவரும் வாக்குப் போட்டதில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்பார்கள். இப்போது ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கும் ஒரு உறை வீட்டுக்கு வந்திருந்தது.

எனக்கும் எடுத்தார். "அக்கா, நான் எல்லாரிட்டையும் ஒண்டுதான் சொல்லுறன். நீங்களே போடுங்கோ, நீங்களே கையெழுத்து வையுங்கோ. ஒருத்தரிட்டையும் குடுக்காதேங்கோ."

"நான் அலுவலர், இதைப்பற்றிக் கதைக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு வைத்தேன். எவ்வளவு கெப்பர், எவ்வளவு தலைக்கனம். ஆனால் வாக்கை அவருக்குத்தான் போட்டேன். புருசனுக்குச் சொல்லாமல், வேலைக்குப் போகும் வழியில் தபாலில் சேர்த்தேன்.

எண்ணியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பார்க்டேலில் தலைவர் இருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்து மண்டப அறையில். தலைவர் இருந்தார். செயலாளர் "சும்மா பாக்க" வந்திருந்தார், சும்மா பார்க்க வந்தவர் கையில் இரண்டு தட்டு ரோல்ஸ். என் புருசன் என்னைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகாமல் தேநீர்க் கேத்திலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக்கொண்டார். போட்டியிட்ட பெண்ணுக்கு அன்றைக்கு வேலை, விடுப்புக் கிடைக்கவில்லை. அவருக்காக ஒருவரும் வரவில்லை.

வேலை நடந்த விதம் இதுதான். தலைவர் அங்கத்துவ இலக்கத்தை வாசிப்பார். செயலாளர் அந்த இலக்கத்துப் படிவத்தைக் கோப்பிலிருந்து எடுத்துத் தருவார். பெயர் தெரியாமல் இருக்க, நான் சொன்னபடி பெயர்களின் மேல் கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது. கையெழுத்துகளைப் பார்க்கும்போது பெயரை மனதில் எடுக்கக்கூடாது என்று வங்கியில் பழக்கியிருந்தார்கள். படிவங்கள் நான்கு வருடத்துக்கு முன், சங்கம் தொடங்கிய விளையாட்டுப் போட்டி அன்று மைதானத்தில் வைத்து நிரப்பியவை.

ஆண்களின் உறைகள் வழுக்கிக்கொண்டு போயின. பெண்களுடையவை வரத் தொடங்கியதும் கை நின்றது. படிவத்தில் ஆங்கிலத்தில் சரசரவென்று ஓடிய ஒரு கையொப்பம். உறையில் தமிழில் முழுப் பெயர், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, உருண்டையாக, பள்ளிக்கூடத்துக் கொப்பியில் எழுதியதுபோல. ஒத்துப்போகவில்லை. இடப்பக்கம் வைத்தேன். அடுத்ததும் அப்படித்தான். அடுத்ததும். படிவங்களில் எல்லாம் பழக்கப்பட்ட, வேகமான கை. உறைகளில் எல்லாம் மெதுவான, கவனமான கை. எனக்கு உடம்பில் ஒரு சுறுசுறுப்பு வந்துவிட்டது. யாரோ வரிசையாக இருந்து எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன்.

"ரெக்ஸ்டேல் ஃபக்ரறியிலை செய்த சாமான் போல கிடக்கு" என்றார் செயலாளர்.

நானும் சிரித்தேன். அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

ஓர் உறையில், கையெழுத்து என்று அச்சடித்த இடத்துக்கு எதிரே ஒரு வசனமே இருந்தது. 'இது என்ரை கையெழுத்துத்தான். நானேதான் எழுதினனான்.' கையெழுத்து என்றால் கையால் எழுதுவது என்று யாரோ ஒரு பெண் நினைத்து, கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதியிருக்கிறார். தலைவர் அதைத் தூக்கிக் காட்டி இரண்டு தரம் வாசித்தார். என் புருசனுக்குத் தேநீர் புரைக்கேறியது. "படிக்காததுகளுக்கு வோட்டைக் குடுத்தால் உதுதான்" என்றார் செயலாளர். தவறு அச்சடித்தவருடையது என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். இடப்பக்கம் வைத்தேன். முப்பத்துமூன்று உறைகள் சேர்ந்திருந்தன.

அடுத்த உறையைத் தலைவர் நீட்டினார். அதில் இருந்தது என்னுடைய கையொப்பம். வங்கியில் ஒரு நாளைக்கு நூறு தரம் தாள்களின் மூலையில் நான் வைக்கும் அதே கையொப்பம். செயலாளர் படிவத்தை எடுத்து நீட்டினார். அதில் இருந்தது என்னுடையது இல்லை.

என் பெயர்தான். ஆனால் வலப்பக்கம் சாய்ந்து, கடைசி எழுத்தின் கீழே எலிவால் மாதிரி ஒரு கோடு சுழித்துப் போயிருந்தது. அந்த வாலை நான் வீட்டு வாடகை ஒப்பந்தத்தில், பிள்ளையின் பள்ளிக்கூடத் தாள்களில், பிறந்தநாள் அட்டைகளில் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். என் புருசனுடைய வால். விளையாட்டுப் போட்டி நடந்த அந்தச் சனிக்கிழமை எனக்கு வேலை. அவர் இரண்டு படிவத்தையும் தானே நிரப்பி, இரண்டிலும் தானே கையொப்பம் வைத்திருக்கிறார். கேட்கவும் இல்லை, பிறகு சொல்லவும் இல்லை. சொல்லவேண்டிய விஷயம் என்று அவருக்குப் பட்டிருக்காது.

நான் எழும்பிக் கோப்பைச் செயலாளரின் கையிலிருந்து வாங்கினேன். இடப்பக்கத்தில் குவிந்திருந்த முப்பத்துமூன்று உறைகளுக்கும் உரிய படிவங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், விலாசத்தைப் பார்த்து, அந்தப் பெண்ணின் புருசனுடைய படிவத்தை வைத்தேன். அதே சாய்வு. அதே அழுத்தம். கை எழும்பிய அதே இடம். எல்லாச் சோடியும் அப்படி. மைதானத்தில் ஆண்கள் மரத்துக்குக் கீழே இருந்து ஆளுக்கு இரண்டு படிவம் நிரப்பியிருக்கிறார்கள், பெண்கள் அந்த நேரம் பிள்ளைகளுக்குச் சோறு தீத்திக்கொண்டு நின்றிருப்பார்கள். கள்ளக் கையொப்பம் படிவத்தில் இருந்தது. உறையில் இருந்ததுதான் நிசம். இவ்வளவு நேரமும் நிசத்தைக் கள்ளத்தோடு ஒப்பிட்டு, நிசம் கள்ளத்தைப் போல இல்லை என்று கழித்துக்கொண்டிருந்திருக்கிறேன், எக்ஸ்பேட்.

கடதாசித் துண்டுகளைப் பிய்த்துப் பெயர்களைப் பார்த்தேன். மூன்றாவதாக நான் கழித்த உறை ரெக்ஸ்டேல் பெண்ணுடையது. அவர் தனக்குத் தானே போட்ட வாக்கு. அவருடைய படிவத்தில் இருந்தது அவரை அடித்தவனின் கையொப்பம்.

"அண்ணை, இந்த என்வலப் எல்லாம் சரி. ஃபோமிலை இருக்கிறதுதான் கள்ளம். புருசன்மார் வைச்சிருக்கினம்" என்றேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் செயலாளரிடமிருந்து வந்தது. "ஃபோமிலை அவையள் கையெழுத்து வைக்கேல்லையெண்டால், அவையள் சங்கத்திலை சேரவே இல்லை. சேராதவைக்கு என்ன வோட்டு?"

"அப்படியெண்டால் அவையின்ரை பேருக்குக் கள்ளமாக் கையெழுத்து வைச்ச ஆம்பிளையளின்ரை வோட்டை என்ன செய்யிறது?"

"அவையின்ரை கையெழுத்து ஒத்துப்போகுதுதானே."

தலைவர் தலையாட்டினார். அதில் ஒரு சட்ட நுணுக்கம் இருப்பதாக அவருக்குப் பட்டிருக்கவேண்டும், முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி.

நான் அந்த ஃபாக்ஸைக் கேட்டேன். கோப்பில் இருந்தது, மங்கிப்போய். ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டு போனேன். ஒத்துப்போகாவிட்டால் கழிக்கலாம் என்ற பந்திக்கு அடுத்த பந்தியில் இருந்தது: கழிக்குமுன் அந்த வாக்காளருக்கு அறிவிக்கவேண்டும், இது என் கையொப்பம்தான் என்று அவர் உறுதிசெய்ய அவகாசம் கொடுக்கவேண்டும்.

"இது எங்கடை யாப்பிலை ஏன் இல்லை?"

"அதை நான் விட்டிட்டன் பிள்ளை."

"ஏன்?"

"பெரிய மினக்கேடு. வசனமும் நீளம்."

மாரி முழுவதும் மேசையில் இருந்து மொழிபெயர்த்த மனிதர், கழிக்கச் சொன்ன பந்தியை விட்டுவிடாமல் எழுதியிருக்கிறார், கேட்கச் சொன்ன பந்தி அவருக்கு நீளம்.

"சரி, இப்ப கோல் எடுத்துக் கேப்பம். முப்பத்துமூண்டு கோல்தானே. நான் எடுக்கிறன்."

"எடுத்தால் ஆர் தூக்குவினம்? புருசன்மார்தான்" என்றார் செயலாளர், ஒரு ரோல்ஸை எடுத்துக்கொண்டு. அந்த அறையில் அன்றைக்குச் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

தலைவர் ஒரு சமரசம் கண்டுபிடித்தார். புருசன், இது என் மனைவியின் கையெழுத்துத்தான் என்று ஒரு வரி எழுதிக் கையொப்பம் வைத்துத் தந்தால் ஏற்றுக்கொள்ளலாமாம். கள்ளக் கையொப்பம் வைத்தவனே வந்து, நல்ல கையொப்பத்துக்குச் சாட்சி சொல்லவேண்டுமாம். ஊரில் ஒரு கந்தோரையே நடத்திய மூளை. முடிவை அன்றைக்கே அறிவிக்கவேண்டும் என்பதும் அவர் எழுதிய விதிதான், ஆகவே சாட்சி அன்றைக்கே வரவேண்டும். புருசன்மாரில் அங்கே இருந்தது ஒருவர் மட்டும்.

அவர் கதிரையை விட்டு எழும்பி வந்தார். "இஞ்சரும், இதுக்கு ஏன் இவ்வளவு சத்தம்? நான் எழுதித் தாறன். உம்மடை பிரச்சினை முடிஞ்சுது" என்றார். ஒரு தாளில் எழுதி, கீழே அந்த வாலைச் சுழித்துக் கையொப்பம் வைத்தார். தலைவர் என் உறையை எடுத்து வலப்பக்கம் வைத்தார். எல்லோருக்கும் முகத்தில் ஓர் ஆறுதல். நான் ஏதோ என் ஒரு உறைக்காகத்தான் சண்டை பிடித்தேன் என்பதுபோல.

அப்போது நான் சொல்லியிருக்கலாம், என்னுடையதையும் இடப்பக்கம் வையுங்கோ என்று. அல்லது எழும்பி வெளியே போயிருக்கலாம். நான் போய்விட்டால் சரிபார்க்கும் அலுவலர் இல்லை, முடிவை அறிவிக்க முடியாது, தேர்தல் திரும்ப நடக்கவேண்டும். அதுவும் அந்த யாப்பில் இருந்தது, எனக்குத் தெரியும். நான் போகவில்லை. புருசன் எல்லோருக்கும் முன்னால் முகம் சிவந்து நின்றார், வீட்டுக்குப் போய் அந்த முகத்தோடு இருக்கவேண்டும். விதியைப் பற்றிப் பொதுக்கூட்டத்தில் பத்து நிமிடம் பேசியது நான், கைதட்டு வாங்கியது நான். இப்போது விதி பிழை என்று சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயந்தேன். இந்த மாதிரி ஆட்கள் சிரிப்பார்கள் என்றா பயந்தாய் என்று இன்றைக்கு என்னை நானே கேட்டால் எனக்கு என் மேல் காறித் துப்பத்தான் வருகிறது.

எண்ணினார்கள். செயலாளர் பதினாறு வாக்கால் வென்றார். முப்பத்துமூன்று உறைகளும் திறக்கப்படாமல் ஒரு மளிகைக் கடைப் பைக்குள் போயின. முடிவுத் தாளில் மூன்று கையொப்பம் வேண்டும்: தலைவர், ஒரு நிர்வாக சபை உறுப்பினர், சரிபார்த்த அலுவலர். 'சகல கையெழுத்துகளும் முறைப்படி சரிபார்க்கப்பட்டன' என்ற வசனத்துக்குக் கீழே என் இடம். என் புருசன் வைத்துவிட்டுப் பேனையை என்னிடம் தந்தார். நான் வைத்தேன். பழகிய கை அல்லவா. செயலாளர் கோட்டுப் பையிலிருந்து முத்திரையை எடுத்து அதன் மேல் குத்தினார். பிறகு ரோல்ஸ் சாப்பிட்டார்கள், எனக்கும் ஒன்றைக் கடதாசியில் வைத்துத் தந்தார்கள். சாப்பிட்டேன்.

அந்தத் தாளைப் பிரதி எடுத்து எல்லா வீட்டுக்கும் தபாலில் அனுப்பினார்கள். முப்பத்துமூன்று பெண்களில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தங்கள் வாக்கு எண்ணப்பட்டதென்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருந்திருக்கவேண்டும். சித்திரையில் அந்தத் தங்கையின் விசாரணை, சங்கக் கடிதம் இல்லாமலே நடந்தது. முடிவு என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு முகம் இருக்கவில்லை.

விசாரணைக்குச் சில நாட்களுக்கு முன், அந்த ரெக்ஸ்டேல் பெண்ணின் இடைவேளை நேரத்தைக் கணக்குப் பார்த்துத் தொழிற்சாலைக்கு நானே கோல் எடுத்தேன். யாரோ போய்க் கூப்பிட்டு வந்தார்கள். பின்னால் இயந்திரச் சத்தம். நடந்ததெல்லாவற்றையும் சொன்னேன், படிவங்களை, புருசன்மாரை, முப்பத்துமூன்று உறைகளை.

"என்ரை வோட்டும் கழிஞ்சதோ அக்கா?"

"ஓம்."

"அந்த மனிசன் வைச்ச கையெழுத்தோடை ஒத்துப்போகேல்லையெண்டு?"

"ஓம்."

"உங்கடை வோட்டு?"

"எண்ணினவை."

"எப்பிடி?"

"இவர் எழுதிக் குடுத்தவர்."

நான் அவசரப்பட்டு, என் வாக்கு உமக்குத்தான் என்றேன். பிறகு, கோல் எடுத்த காரியத்தைச் சொன்னேன். சங்கக் கடிதம் இல்லாவிட்டால் என்ன, தங்கச்சியை எனக்குச் சின்னனிலேயே தெரியும், ஊரில் உங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளித்தான் எங்கள் வீடு, நானே ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்துத் தருகிறேன், சட்டத்தரணியிடம் கொடுக்கலாம் என்றேன்.

"வேண்டாம் அக்கா" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "உங்கடை கையெழுத்தை அந்த ரிசல்ற் பேப்பரிலை பாத்தனான். நல்ல வடிவா இருந்தது."